பவ்லா இல்லாத புத்தகம்

அக்டோபர் 11, 2018. வியாழன்

மதியம் வந்து சேர்ந்தேன். தலைநகர் லியூப்லியானாவிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பெட்டியின் சக்கரம் ஒன்று விமானத்தில் உடைந்துவிட்டது. நிறுத்தத்தில் காத்திருந்த மேட்டாவும் நானும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு மேடேறினோம். மேட்டா, நான் மொழிபெயர்க்கும் எழுத்தாளரின் ஒரே மகள். ஐம்பது வயதிருக்கும். பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆசிரியை.

ஸ்லோவேனியாவின் இந்தப் பகுதிக்குக் கார்ஸ்ட் என்று பெயர். எல்லாம் சுண்ணாம்புக்கல். சுவர் கல், வேலி கல், பழைய வீடுகளுக்குக் கூரையும் கல். நடுநடுவே சிவப்பு மண்ணில் திராட்சைக் கொடிகள், இலை பழுத்து நிற்கின்றன. அவருடைய நாவலை மொழிபெயர்த்தபோது இதையெல்லாம் நேரில் பார்த்தவள் போல எழுதினேன். பார்த்ததில்லை. கணவரின் மருந்துக் கம்பெனி வேலைக்காக 1986-லிருந்து நான்கு வருஷம் லியூப்லியானாவில் இருந்தோம். அப்போதும் இந்தப் பக்கம் வந்ததில்லை. பேச ஆளில்லாமல் கற்றுக்கொண்ட மொழிதான் அவர் போன பிறகு எனக்குத் துணையானது.

வின்கோ கோலாரிச் வாசல்வரை வந்து நின்றார். வயது எண்பத்து மூன்று. புகைப்படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம். என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

"பதினஞ்சு வருஷமா நீங்க எனக்கு வெறும் கடுதாசிதான். இன்னைக்குத்தான் ஆளா வந்திருக்கீங்க."

இவர்கள் பேசுவதை எழுதும்போது நம் பேச்சாகவே வந்துவிடுகிறது. இருக்கட்டும். நோட்டைப் பார்க்கப் போவது நான் மட்டும்தான்.

எழுத்தாளர் சங்கம் ஆறு வாரம் இங்கே தங்க ஏற்பாடு செய்திருக்கிறது. அவருடைய சிறுகதைகளைத் தமிழில் கொண்டுவர வேண்டும். எனக்கு மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் ஒரு வாதுமை மரம்.

அக்டோபர் 12

துணி துவைத்தேன். காயப்போட்ட அரை மணியில் காற்று என் புடவையைப் பக்கத்து வீட்டுத் திராட்சைப் பந்தலில் கொண்டுபோய்ப் போட்டது. அந்த வீட்டுக்காரர் அதை மடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இது எத்தனை மீட்டர்?" என்று கேட்டார். ஐந்தரை என்றேன். நம்பாமல் போனார்.

இந்தக் காற்றுக்கு எதிராகத்தான் வீட்டு முற்றத்தைச் சுற்றி ஆளுயரச் சுவர். அவருடைய நாவலின் பெயரும் அதுதான்: 'காற்றுக்குக் கட்டிய சுவர்.' 1971-ல் எழுதியது. ஏழு மொழிகளில் வந்திருக்கிறது. தமிழில் 2003-ல் நான் செய்தேன். அவருடைய அலமாரியில் மற்ற மொழிப் பிரதிகளோடு அதுவும் இருக்கிறது. அடிக்கடி எடுத்துப் பார்ப்பார்போல, அட்டை ஓரம் வெளுத்திருக்கிறது.

அக்டோபர் 14

ஞாயிறு. மேட்டாவோடு பூசைக்குப் போனேன். பாட்டு எல்லாம் தெரிந்த ராகம். தூத்துக்குடியில் அம்மாவுடன் முன்வரிசையில் நிற்பதுபோல் இருந்தது. அம்மாவுக்கு அந்தப் பக்கம் தம்பி சூசை நிற்பான்.

சாப்பாட்டுக்குப் பிறகு வின்கோ தன் வாழ்க்கையைச் சொன்னார். பாதி எனக்குத் தெரிந்ததே. போரில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. இத்தாலிக்காரர்கள் ஆண்ட காலத்தில் இந்த மொழியில் பள்ளிக்கூடம் கிடையாது. அடுப்பங்கரையில் அம்மா கரித்துண்டால் எழுதிக் காட்டிய எழுத்துகள்தான். இருபத்தோரு வயதில் அம்மாவும் போனாள். ஒரு பத்திரிகையில் மெய்ப்புத் திருத்தும் வேலை கிடைத்து லியூப்லியானாவுக்குப் போனார். ஒரு கட்டில் மட்டும் கொள்ளும் அறை. கட்டிலுக்கடியில் கையெழுத்துப் பிரதி.

"தங்கச்சிக்கு அந்த அறையில எடம் இல்ல" என்றார்.

பிறகு, எழுந்து போகும்போது திரும்பி, "ஒண்ணு கேக்கணும். பதினோராம் அத்தியாயத்த உங்க பாஷைல எனக்கு வாசிச்சுக் காட்டணும். மத்தவங்க ஆறு பேரும் பதிவு பண்ணி அனுப்பிட்டாங்க. நீங்க நேர்லயே வந்துட்டீங்க" என்றார்.

சரி என்றேன். வேறென்ன சொல்வது?

அக்டோபர் 15

காலையில் இரண்டு கதை முடித்தேன். மதியம் இருமல். வெந்நீரில் மிளகு தட்டிப் போட்டுக் குடித்தேன்.

தமிழ்ப் பிரதியைப் பற்றி ஒன்று எழுதி வைக்க வேண்டும். மூலத்தில் இருபத்து மூன்று அத்தியாயம். தமிழில் இருபத்திரண்டு. புத்தகம் பெரிதாகிவிட்டது, கதையின் ஓட்டத்துக்குப் பதினோராம் அத்தியாயம் அவசியமில்லை என்று பதிப்பாளர் கருதினார். அந்தக் காலத்தில் அதெல்லாம் சகஜம். இலக்கங்களை மாற்றிப் போட்டுவிட்டோம். யாரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் பெரியம்மா மகள் ஜெனோவா அக்கா தூத்துக்குடியிலிருந்து போனில் கூப்பிட்டாள்.

"ஏட்டி, குளிருதா அங்க? ஸ்வெட்டர் போட்டியா?"

"போட்டிருக்கேன்க்கா."

"சூசைக்குச் சட்டை கொண்டு குடுத்தேன். நீ எடுத்த நீலச் சட்டைதான். அக்கா எடுத்ததுன்னு சொன்னேன், உடனே போட்டுக்கிட்டான். கிறிஸ்மஸ்க்காவது வாரியா, பிள்ள?"

"பாக்கேன்க்கா. வேலை எப்படி இருக்குன்னு தெரியல."

"பத்தொம்பது வருசமா இதத்தான் சொல்லுத."

போன் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துவிட்டேன். நன்றாகத்தான் கேட்டது.

அக்டோபர் 17

வாசித்தேன்.

காலை பத்து மணி. நல்ல வெயில். முற்றத்தில் நாற்காலி போட்டுக் கம்பளியைப் போர்த்தி அவரை உட்காரவைத்தாள் மேட்டா. நான் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து பத்தாம் அத்தியாயத்தை வாசித்தேன். அண்ணன் சுவர் கட்டும் அத்தியாயம். நல்ல அத்தியாயம்தான். என் மொழிபெயர்ப்பிலேயே அதுதான் சிறந்தது என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இருபது நிமிஷம். இடையில் ஒருமுறைகூட அசையவில்லை. முடித்ததும் கண்ணைத் திறக்காமல், "அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான்."

"ஆளுங்க பேரையெல்லாம் தமிழ்ல மாத்திடுவீங்களோ?"

"இல்ல. இருக்கிறபடியேதான் வைப்போம்."

"நன்றி, கோஸ்பா எமில்டா" என்றார். கோஸ்பா என்றால் திருமதி. வந்த நாளிலிருந்து வெறும் எமில்டா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 18

மழை. வேலை ஓடவில்லை.

அக்டோபர் 20

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

மேட்டா சந்தைக்குப் போயிருந்தாள். சமையலறையில் நானும் அவரும் வாதுமைக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தோம். அவர் சுத்தியலால் தட்டுவார், நான் பருப்பைப் பிரிப்பேன். அரைக் கூடை முடிந்திருக்கும்.

"பவ்லான்னு உங்க பாஷைல எப்படிச் சொல்வீங்க?" என்றார்.

"பவ்லான்னுதான்."

"அப்போ நீங்க வாசிச்சதுல அது வரவே இல்ல."

நான் பருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணு நாளா யோசிச்சேன். என் காதுதான் மந்தமாயிடுச்சோன்னு. அந்தப் புத்தகத்துல எல்லார் பேரையும் மாத்தினேன். அம்மா பேரு, ஊரு பேரு, என் பேரு. தங்கச்சி பேரை மட்டும் மாத்தல. மத்த எடத்துல வெறும் தங்கச்சின்னு இருக்கும். பதினொண்ணுல மட்டும் பவ்லான்னு நாலு தடவை எழுதினேன். மத்த ஆறு பாஷையிலும் எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா அந்த நாலு தடவையும் கேட்டுது."

பத்தாவதை வாசித்தேன் என்று சொன்னேன். தமிழில் பதினொன்று இல்லை என்றும் சொன்னேன்.

"இல்லைன்னா?"

"விட்டுட்டேன்."

"யாரு விடச் சொன்னாங்க?"

பதிப்பாளர் என்று வாய்வரை வந்தது. பதிப்பாளர் அப்படி எதுவும் கேட்கவே இல்லை. அவருக்கு இன்றுவரை அது தெரியாது. மேலே, பதினைந்தாம் தேதியில் நான் எழுதியிருப்பது பொய். இந்த நோட்டில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன்.

"யாரும் சொல்லல. நானாத்தான் விட்டேன்" என்றேன்.

சுத்தியலைக் கீழே வைத்தார். முகம் சிவந்துபோயிருந்தது.

"அப்போ பதினஞ்சு வருஷமா உங்க ஊர்ல என்னை எல்லாரும் நல்லவன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க."

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதிய கடிதம் நினைவுக்கு வந்தது. அந்த அண்ணனைப் போல ஒரு மனிதன் எல்லா வீட்டிலும் வேண்டும் என்று எழுதியிருந்தார். நான் அதை வின்கோவுக்கு மொழிபெயர்த்து அனுப்பியிருந்தேன். அவர் பதில் போடவில்லை. ஏன் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். சாயங்காலச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

அக்டோபர் 21

மேட்டாவுக்குத் தெரிந்துவிட்டது. பாத்திரம் கழுவும்போது என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"அந்த ஒரு அத்தியாயத்துக்காகத்தான் மிச்ச இருபத்திரண்டையும் எழுதினேன்னு அப்பா சொல்வார். உங்களுக்குத் தெரியுமா அது?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"தெரிஞ்சிருந்தாலும் செஞ்சிருப்பேன்னு நெனக்கிறேன்."

அப்போதுதான் திரும்பினாள். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எனக்கு உங்கமேல கோவம் இருக்கு. ஆனா அவர்மேல அதைவிட அதிகம். அத்தை செத்து ஐம்பத்தாறு வருஷம். ஒரு தடவைகூட அந்தக் கல்லறைக்குப் போனதில்ல. அடக்கத்துக்கும் போகல. அச்சுக்கூடத்துல வேலை இருந்துச்சாம். நான் சின்னப் பிள்ளைல இருந்து கேட்டுட்டேன், போலாம்பான்னு. எழுதிட்டேனேம்மான்னு சொல்வார். எழுதிட்டா போதுமா, எமில்டா?"

தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன்.

பெட்டியைக் கட்டிவிடட்டுமா என்று கேட்டேன். "அதை அப்பாகிட்ட கேளுங்க" என்றாள்.

அக்டோபர் 22

கேட்டேன். கதவைத் திறக்காமலே பதில் சொன்னார்.

"பதினொண்ணை எழுதிட்டுப் போங்க."

அக்டோபர் 25

பதினோரு பக்கம். நாலு நாளில் மூன்று பக்கம்தான் முடிந்திருக்கிறது.

அத்தியாயத்தில் நடப்பது இவ்வளவுதான். 1959 நவம்பர். பவ்லாவுக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. பேச்சு முழுதாக வராது, வலிப்பு வரும். அம்மா செத்த பிறகு அவளைத் தெற்கே அவளைப் போன்றவர்களுக்கான ஒரு விடுதியில் சேர்த்திருக்கிறான் அண்ணன். இரண்டு வருஷம் கழித்து முதன்முறையாகப் பார்க்கப் போகிறான். ரொட்டியும் தொத்திறைச்சியும் கொண்டுபோகிறான். தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் சாப்பிடுகிறார்கள். அவள் எழுந்து உள்ளே போகிறாள். கோட்டைப் போட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு வந்து, வீட்டுக்குப் போகத் தயாராக நிற்கிறாள். ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு வருகிறேன், இங்கேயே இரு என்கிறான். ஸ்டேஷனுக்கு நடக்கிறான். ஒரே ஒரு டிக்கெட் எடுக்கிறான்.

அவ்வளவுதான். அழுகை கிடையாது, நியாயம் சொல்வது கிடையாது. பிப்ரவரி 1962-ல் அவள் நிமோனியாவில் செத்தது அடுத்த அத்தியாயத்தில் ஒரு வரியாக வரும். தமிழில் அந்த வரியையும் எடுத்துவிட்டு, தங்கை எங்கோ நலமாக இருப்பதுபோல் விட்டுவிட்டேன்.

சிக்கல் எங்கே என்றால், இந்த மொழியில் ஒருமை பன்மை தவிர இருமை என்று ஒன்று உண்டு. இரண்டு பேர் நடந்தால் அதற்கென்று தனி வினை. இரண்டு பேர் உட்கார்ந்தால், இரண்டு பேர் சிரித்தால், எல்லாவற்றுக்கும். ஏழு பக்கம் முழுக்க அந்த வினையிலேயே எழுதிக்கொண்டு போகிறார். பெஞ்சை விட்டு அவன் எழுந்ததும் ஒருமை வந்துவிடுகிறது. வாக்கியத்தில் வேறொன்றும் மாறுவதில்லை. வினையின் வால் மட்டும் மாறுகிறது.

தமிழில் 'நாங்கள் நடந்தோம்' என்றால் அது எத்தனை பேராகவும் இருக்கலாம். 'நாங்கள் இருவரும்' என்று எல்லா வாக்கியத்திலும் போட்டால் மனு எழுதுவதுபோல் இருக்கிறது.

அக்டோபர் 26

தலைவலி. மேட்டா கத்தரிக்காய் வாங்கிவந்திருந்தாள். புளி இல்லாமல் எலுமிச்சை பிழிந்து ஒரு குழம்பு வைத்தேன். வின்கோ அறைக்குள்ளேயே சாப்பிட்டார். தட்டு காலியாக வந்தது.

அக்டோபர் 28

வழி கிடைத்துவிட்டது. 'நானும் பவ்லாவும் நடந்தோம். நானும் பவ்லாவும் உட்கார்ந்தோம். நானும் பவ்லாவும் ரொட்டியைப் பிய்த்தோம்.' ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்வது. பிறகு, 'நான் எழுந்தேன். நான் நடந்தேன்.'

சத்தமாக வாசித்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

பிறகு கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. கீழே போய் விறகை அடுக்கினேன். ஏற்கெனவே அடுக்கி வைத்த விறகுதான். கலைத்துவிட்டு மறுபடியும் அடுக்கினேன்.

அக்டோபர் 30

முடிந்தது. சுத்தப் பிரதி எடுத்தேன். அவர் கதவுக்கடியில் ஒரு துண்டுச் சீட்டைத் தள்ளினேன்: 'பதினொன்று தயார்.'

மதியம் கதவு திறந்தது. அப்படியே சவரம் செய்யாத முகத்தோடு வந்து, என்னைத் தாண்டி, மகளிடம் பேசினார்.

"நாளன்னைக்குக் காரை எடு. தெற்கே போறோம்."

மேட்டா கையிலிருந்த கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "அத்தைகிட்டயா?"

"வேற யாரு இருக்கா எனக்கு அங்க?" பிறகு என் பக்கம் தலையை மட்டும் ஆட்டினார். "இவங்களும் வரட்டும். இவங்களும்தானே அவளை விட்டுட்டுப் போனாங்க."

நவம்பர் 1. சகல புனிதர் திருநாள்

நம் ஊரில் நாளைதான் கல்லறைத் திருநாள். இங்கே இன்றே எல்லாரும் கல்லறைக்குப் போய்விடுகிறார்கள். நாடு முழுக்க ரோட்டோரத்தில் சாமந்தித் தொட்டியும் மெழுகுவர்த்தியும் விற்கிறார்கள். மேட்டா வெள்ளைச் சாமந்தி ஒன்றும் சிவப்புக் கண்ணாடிக் கூட்டில் வைத்த மெழுகுவர்த்தி இரண்டும் வாங்கினாள்.

இரண்டு மணி நேரப் பயணம். வின்கோ முன்சீட்டில். விடுதி இருந்த கட்டடம் இப்போது முதியோர் மருத்துவமனை. அதன் பின்பக்கம் மதில் சுற்றிய கல்லறைத் தோட்டம். ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக நின்றார்கள். எல்லாக் கல்லறையிலும் பூவும் விளக்கும்.

காவலாளி வயதானவர், காதில் பென்சில் செருகியிருந்தார். விடுதிக்காரர்களின் கல்லறை எது என்று மேட்டா கேட்டாள். ஒரு புல்வெளியைக் காட்டினார். பூப்பந்து மைதானம் அளவு. ஒரு கல்கூட இல்லை.

"யாரும் வராத கல்லறைங்க. எழுபத்தெட்டுல எடுத்துட்டாங்க" என்றார் காவலாளி. "உங்களுக்கு யாரு?"

"தங்கச்சி" என்றார் வின்கோ.

"எந்தப் பக்கம்னு தெரியுமா?"

"தெரியாது."

காவலாளி தொப்பியைக் கழற்றினார். வேறென்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை.

சாமந்தித் தொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மேட்டா நின்றாள். எங்கே வைப்பது? நான்கு அடி நடந்தாள், திரும்பி வந்தாள். இத்தனை வருஷம் அப்பாவோடு சண்டை போட்டவள், மடக்கு நாற்காலியை விரித்துப் புல்லின் ஓரத்தில் அவரை உட்காரவைத்தாள். தொட்டியை அவர் காலடியிலேயே வைத்தாள்.

"வாசிங்க" என்றார் என்னிடம்.

காற்று தாளைப் பிடுங்கியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசித்தேன். பக்கத்தில் நின்ற குடும்பம் ஒன்று பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. நானும் பவ்லாவும். நானும் பவ்லாவும். முதல்முறை அந்தப் பெயர் வந்தபோது அவர் தலை நிமிர்ந்தது. பிறகு ஒவ்வொரு முறையும் யாரோ தோளைத் தட்டிக் கூப்பிடுவதுபோல் திடுக்கிட்டுக்கொண்டே இருந்தார். பெஞ்சை விட்டு எழும் இடம் வந்தது. அதற்குப் பிறகு பெயர் வரவில்லை. கடைசி நாலு பக்கமும் அவர் காத்திருந்தார். நன்றாகத் தெரிந்தது, காத்திருந்தார்.

முடித்தேன்.

"நாலு தடவைதானே எழுதினேன்?"

"எங்க பாஷைல ரெண்டு பேருக்குன்னு தனி வினை கிடையாது. அதனால ஒவ்வொரு தடவையும் அவ பேரைச் சொல்ல வேண்டியிருக்கு."

"எத்தனை தடவை வந்துச்சு?"

"முப்பத்தொண்ணு."

மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு தடவை வாசிங்க" என்றார்.

வாசித்தேன்.

வரும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் மேட்டா காபி வாங்கப் போயிருந்தாள். காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவர் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"உங்களுக்கு யாரு?"

என்ன கேட்கிறார் என்று புரியாததுபோல் இருந்திருக்கலாம். இத்தனை நாள் அப்படித்தான் இருந்தேன்.

"தம்பி. சூசைன்னு பேரு. அம்மா இருந்தவரைக்கும் அம்மா பாத்துக்கிட்டாங்க. மூளை வளர்ச்சி கம்மி. அம்மா போனதும் நான்தான் கொண்டுபோய் ஒரு இல்லத்துல விட்டேன். அப்போ அவனுக்கு இருபத்தொம்பது வயசு. எனக்குச் சென்னையில காலேஜ்ல வேலை, சின்ன வீடு."

"போய்ப் பாத்தீங்களா?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"இல்ல."

"உயிரோட இருக்கானா?"

"இருக்கான்."

திரும்பி என்னைப் பார்த்தார். பன்னிரண்டு நாள் கழித்து முதன்முறையாக நேராகப் பார்த்தார்.

"அப்புறம் இங்க என்ன பண்றீங்க?"

நவம்பர் 2

சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். டிக்கெட்டை மாற்றினேன். கதைகள் பாதியில் நிற்கின்றன.

நவம்பர் 4

பஸ் நிறுத்தம்வரை மேட்டா வந்தாள். வின்கோ வரவில்லை. காலையில் விடைபெறப் போனபோது மேசையில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். கையைக் கொடுத்தார். அன்று பிடித்ததுபோல் பிடித்துவைக்கவில்லை. உடனே விட்டுவிட்டார்.

"அப்பா உங்களை மன்னிச்சாரான்னு எனக்குத் தெரியல" என்றாள் மேட்டா.

"கேக்காதே" என்றேன்.

நவம்பர் 7

சென்னை. பதிப்பாளரைப் பார்த்து உள்ளதைச் சொன்னேன். அடுத்த பதிப்பில் பதினோராம் அத்தியாயத்தைச் சேர்த்து, விட்டது யார் என்பதையும் முன்னுரையில் எழுதித் தருகிறேன் என்றேன். "அவ்வளவு வெளிப்படையா வேணுமா மேடம்?" என்றார். வேண்டும் என்றேன்.

அடுத்த பதிப்பு எப்போது வரும், யார் படிப்பார்கள் என்று தெரியாது. முதல் பதிப்பைப் படித்தவர்களைத் தேடிப்போய்ச் சொல்ல முடியாது.

நவம்பர் 10

மேட்டாவிடமிருந்து மின்னஞ்சல். அப்பாவுக்குப் பக்கவாதம், ஆஸ்பத்திரியில் இருக்கிறார், வலது கை விழுந்துவிட்டது. பேச்சு குழறுகிறது. இரண்டு நாளாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாராம்: 'போயாச்சா?'

பதில் எழுதவில்லை. என்னவென்று எழுதுவது? தூத்துக்குடிக்கு ரயில் டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

நவம்பர் 15. வியாழன்

இல்லம் ஏரல் பக்கம். வியாழக்கிழமைகளில் பார்க்க விடுவார்கள். ஜெனோவா அக்காவும் கூட வந்தாள். ஆனால் வாசல் அறையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"நீ போ, ஏட்டி. நா வந்தா அவன் என்னையத்தான் பாப்பான்."

சிஸ்டர் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். சுத்தமான இடம். வேப்ப மரங்கள். ஆட்டுக்கொட்டகைக்கு முன்னால் ஒருவன் குத்தவைத்து உட்கார்ந்து அகத்திக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரை. நான் எடுத்த நீலச் சட்டை. பின்பக்கத்திலிருந்து அப்பாவைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"சூசை, யாரு வந்திருக்கான்னு பாரு" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் போய்விட்டார்.

நிமிர்ந்தான். அதே கண். என்னைப் பார்த்தான், எனக்குப் பின்னால் வாசல் பக்கம் பார்த்தான், மறுபடியும் என்னைப் பார்த்தான்.

"யாரப் பாக்க வந்திருக்கிய?"

"சூசைய."

"சூசை நாந்தான்" என்றான் பெருமையாக.

"நா எமில்டா, சூசை. அக்கா."

சிரித்தான். வாயில் முன்பல் இரண்டு இல்லை. "எமில்டா அக்காக்குச் சடை இருக்கும். இந்தா, இம்புட்டு." எழுந்து நின்று தன் இடுப்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டினான். "நீங்க கெழவில்லா."

கட்டையாக வெட்டிவிட்ட என் நரைத்த முடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவன் ஒரு கொத்தை நீட்ட, வெள்ளாடு ஒன்று வந்து இழுத்தது.

"அக்கா எங்க போயிருக்கா, சூசை?"

ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. பதில் எனக்குத் தெரியும். இந்த நோட்டில் எங்கேயும் நான் எழுதாதது, காரில் அவரிடம்கூடச் சொல்லாதது அது ஒன்றுதான்.

"கொடை எடுக்கப் போயிருக்கா. மழை வருதுல்லா. சூசை, நீ இங்கனயே நில்லு, அக்கா கொடை எடுத்துட்டு வந்துருதேன்னு சொன்னா."

வானம் வெளுத்துக் கிடந்தது. ஆடு தின்னும் சத்தம் மட்டும் கேட்டது.

"வீட்டுக்கு வாரியா?" என்றேன். "என்கூட. அக்கா வீட்டுக்கு."

ஆட்டைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

"வரமாட்டேன்."

"ஏன்?"

"அக்கா வந்தா என்னையத் தேடுவால்லா."

நான் முகத்தை மூடிக்கொண்டேன். அவனுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். அகத்திக் கட்டில் பாதியைப் பிரித்து என் மடியில் வைத்தான்.

"அவ வார வரைக்கும் வேணும்னா நீங்க இருங்க" என்றான்.

இருந்தேன்.